யுரேனியம் என்றால் நூற்று நாற்பத்தாறு

பரீட்சை எழுதுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர்களை நேரில் தெரியாவிட்டாலும், இரவில் அவர்களை நினைத்துப் பயந்திருப்பீர்கள். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. சம்பளம் கிடையாது, நியமனக் கடிதம் கிடையாது, பரீட்சை மண்டபத்துக்குள் இவர்கள் காலெடுத்து வைத்ததும் கிடையாது. ஆனால் மணி அடித்து, பிள்ளைகள் வெளியே வந்து, ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள், அவர்கள் எழுதிய விடைகளையெல்லாம் வாசலிலேயே வாங்கிப் பார்த்து, சரி தவறு சொல்லி, அழ வைக்க வேண்டியவர்களை அழ வைத்து, மிச்சமிருப்பவர்களின் முதுகில் தட்டி அனுப்பிவிடுவார்கள். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் வாசல் திருத்துநர்.

பார்த்ததில்லை என்கிறீர்களா? நவம்பர் மாதத்தில் எந்தப் பள்ளிக்கூட வாசலுக்கும் போய்ப் பாருங்கள். கிள்ளானில் இவர்கள் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு நிற்பார்கள். ஷா ஆலமில் காரை விட்டு முழுதாக இறங்கமாட்டார்கள். கதவைத் திறந்து ஒரு காலை மட்டும் ரோட்டில் வைத்துக்கொண்டு விடை கேட்பார்கள். சுங்கை வேயில் இரண்டு பேர் ஒரே வாசலுக்கு உரிமை கொண்டாடி, ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லாமல், ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். எல்லாரும் நல்ல மனிதர்கள்தான். அதைக் கடைசி வரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நடுவில் எனக்கே மறந்துவிடும்.

ஆனால் இந்த இனத்தின் முழு இலட்சணமும் பொருந்திய ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் பிரிக்ஃபீல்ட்ஸுக்குத்தான் வரவேண்டும். பெயர் கனகலிங்கம். ரயில்வேயில் தலைமைக் கிராணியாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று பிள்ளைகள். மூன்றும் படித்து, வேலை பார்த்து, கல்யாணமாகி, ஒன்று ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டது. கடைசிப் பிள்ளை பிரிக்ஃபீல்ட்ஸ் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி ஒன்பது வருஷம் ஆகிறது. அப்புறம் ஏன் ஒவ்வொரு நவம்பரும் வந்து நிற்கிறார் என்று நான் ஒருமுறை சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். மற்றப் பிள்ளைகளும் பிள்ளைகள்தானே என்றார்.

வரும்போது வெறுங்கையோடு வரமாட்டார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் நீலம் ஒன்று சிவப்பு ஒன்றாக இரண்டு பேனா, கறுப்புக் குடை, உள்ளங்கை அளவுக்கு வெட்டிய பிஸ்கட் பெட்டி அட்டைகள் ஒரு கட்டு. வாசலில் பெரிய கதவைப் பூட்டி, ஓர் ஆள் நுழைகிற சின்னக் கதவை மட்டும் திறந்து வைத்திருப்பார்கள். அதற்கு நேர் எதிரே ஓர் அங்சானா மரம். அந்த மரத்தடியில் குடையை விரித்துக்கொண்டு நின்றால், எந்தப் பிள்ளையும் அவரைத் தாண்டாமல் பஸ் நிறுத்தத்துக்குப் போக முடியாது. இந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே இரண்டு வருஷம் ஆனது என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

பிள்ளை வெளியே வருகிறது. நீங்களும் நானும் என்ன கேட்போம்? எப்படி எழுதினாய், கஷ்டமாக இருந்ததா, பசிக்கிறதா என்று கேட்போம். கனகலிங்கம் அப்படிக் கேட்டு நேரத்தை வீணாக்கமாட்டார். "எத்தினை போட்டனீ?" அவ்வளவுதான். சீனப் பிள்ளையாக இருந்தாலும் மலாய்ப் பிள்ளையாக இருந்தாலும் "ஹவ் மெனி யூ புட்?" இன வேறுபாடு பார்க்காதவர் என்பதில் சந்தேகமே இல்லை. பிள்ளை மலாயில் கேள்வியைச் சொல்ல ஆரம்பிக்கும். மூன்றாவது வார்த்தையிலேயே அவருடைய வலது கை மேலே போகும். கேள்வி தேவையில்லை, விடையைச் சொன்னால் போதும் என்பது அதன் அர்த்தம். கேள்வியைப் படிப்பது பரீட்சை எழுதுகிறவன் வேலை, விடை சொல்வது தன் வேலை என்று அவர் பிரித்து வைத்திருந்தார்.

தீர்ப்புகள் மூன்று. "கரெக்ட்" என்றால் பிள்ளை பிழைத்தது. "ம்ம்" என்றால் அட்டை வெளியே வரும், சிவப்புப் பேனா ஓடும், அதுவரை பிள்ளை வெயிலில் நிற்க வேண்டும். மூன்றாவது தீர்ப்பு "நெவர் மைண்ட்." அதைச் சொல்லும்போது குரல் தணிந்து, குடையைக் கொஞ்சம் சாய்த்து, பிள்ளையின் தலைக்கு நிழல் கொடுப்பார். சாவு வீட்டில்கூட அவ்வளவு மென்மையாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. அந்த நிழல் தலையில் விழுந்துவிட்டால் எந்தப் பிள்ளைக்கும் அன்றைக்குச் சோறு இறங்காது.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? சிலர் பின்பக்கச் சாக்கடையைத் தாண்டி வேலியில் ஏறிக் குதித்தார்கள். சிலர் அந்தக் கேள்வியை எழுதவே இல்லை என்றார்கள். அவர்களுக்கு எழுதாததற்கும் சேர்த்து ஆறுதல் கிடைத்தது. ஒரு பையன் தான் பரீட்சை எழுதுகிறவனே இல்லை, தம்பிக்குச் சோறு கொண்டுவந்தவன் என்று சொல்லி, ரப்பர் முத்திரை குத்திய பரீட்சைச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டே தப்பித்துப் போனான்.

இங்கே நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். மனிதர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருந்துவிடும். ஆபத்தே அதில்தான் இருந்தது. மூத்த மகன் படிக்கிற காலத்தில், ஏதோ உரக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த தனிம அட்டவணை ஒன்றை வீட்டுக் கூடத்தில் முருகன் படத்துக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் நடுவில் மாட்டியிருந்தார். தினமும் காலையில் முருகனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே கண்ணை இடதுபக்கம் ஓட்டி அந்த அட்டவணையையும் மனப்பாடம் செய்துவிட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்கள். சின்னது புரோட்டான். பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தால் நியூட்ரான். எலக்ட்ரான் புரோட்டானுக்குச் சமம். சோடியம் பதினொன்று, இருபத்து மூன்று, அப்படியென்றால் நியூட்ரான் பன்னிரண்டு. கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். யுரேனியம் தொண்ணூற்றிரண்டு, இருநூற்று முப்பத்தெட்டு, நியூட்ரான் நூற்று நாற்பத்தாறு. அதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்வார்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் லோரி உதிரிபாகக் கடையில் ஸ்டோர் பார்க்கிறவன். எங்கள் அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை செய்தவர். சம்பளத்தில் பிடித்தமா, லீவு மறுப்பா, கிராணியார் ஒன்று சொல்லிவிட்டால் சொன்னதுதான் என்று வளர்ந்த குடும்பம் எங்களுடையது. அப்பா போய்ப் பல வருஷம் ஆன பிறகும் கனகலிங்கத்தை வழியில் பார்த்தால் நான் கையிலிருக்கும் சிகரெட்டைப் பின்னால் மறைப்பேன். என் மகள் சந்திரகலா எண்பத்தாறாம் வருஷம், ஐந்தாம் படிவ முடிவில் வருகிற எஸ்.பி.எம். பரீட்சையை எழுதினாள். நாங்கள் பழைய கிள்ளான் ரோட்டுக்கு வீடு மாறிய பிறகும் அவள் பிரிக்ஃபீல்ட்ஸ் பள்ளிக்குத்தான் பஸ் பிடித்துப் போய்வந்தாள்.

அவளுக்கு ஆறாம் படிவத்தில் அறிவியல் பிரிவுக்குப் போக வேண்டும். மருந்துக்கடை வைத்து நடத்துவதல்ல, மருந்தையே செய்கிற படிப்பு படிக்க வேண்டும் என்று பதின்மூன்று வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு இரசாயனத்தில் கிரெடிட் வேண்டும். முன்னோட்டப் பரீட்சையில் வந்தது எட்டு. எண் குறையக் குறைய நல்லது, ஆறுக்குள் வந்தால்தான் கிரெடிட்; எட்டு என்றால் வெறும் தேர்ச்சி, அதற்குமேல் ஒன்றுமில்லை. கிள்ளானில் இருக்கும் என் அக்கா பூமணி, கிரெடிட் வராவிட்டால் ஜனவரியிலேயே டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்துவிடலாம் என்று இடமே சொல்லி வைத்துவிட்டாள். சந்திரகலா மூன்று மாதம் விடியற்காலையில் எழுந்து படித்தாள்.

இரசாயனம் ஒரே நாளில் இரண்டு பேப்பர், காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு, புளிச்சோறும் நெத்திலிப் பொரியலும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். மணி அடித்தது. மகள் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். கனகலிங்கமும் பார்த்தார்.

"எத்தினை போட்டனீ, பிள்ளை?"

யுரேனியத்துக்குப் புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் எத்தனை என்று கேட்டிருந்தார்கள் என்று சொல்லி, அதற்குமேல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கை மேலே போய்விட்டது. அவள் விடையை மட்டும் சொன்னாள்: தொண்ணூற்றிரண்டு, நூற்று நாற்பத்து மூன்று, தொண்ணூற்றிரண்டு. முதலாவதற்குத் தலையை ஆட்டினார். மூன்றாவதற்கும் ஆட்டினார். பிறகு அட்டையைக்கூட எடுக்கவில்லை. குடை மெல்லச் சாய்ந்தது.

"யுரேனியமெண்டா நூற்றி நாப்பத்தாறு, பிள்ளை. நெவர் மைண்ட். பின்னேரப் பேப்பர் இருக்குத்தானே."

அவள் முகத்தில் இரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். இல்லை அங்கிள், கேள்வியில் வந்து, என்று மறுபடி ஆரம்பித்தாள். இந்த இடத்தில் ஒரு தகப்பன் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா?

"கிராணியாரு சொல்றாருல்ல. பெரியவங்கள எதுத்துப் பேசாத," என்றேன்.

எனக்குப் புரோட்டானும் தெரியாது, நியூட்ரானும் தெரியாது. மூன்று மாதம் விடியற்காலையில் எழுந்து படித்தவள் யார் என்பது தெரியும். இருந்தும் அப்படித்தான் சொன்னேன். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தாள், இரண்டு நெத்திலியை எடுத்தாள், மூடிவிட்டாள். மத்தியான மணிக்கு உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவுமில்லை.

அந்த இரண்டரை மணி நேரமும் நானும் கனகலிங்கமும் அங்சானா மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். மனிதர் எனக்குப் பிளாஸ்டிக் பையில் பால் சேர்க்காத கோப்பி ஓ வாங்கி வந்து, கயிற்றை என் விரலில் மாட்டிவிட்டார். ஒரு கேள்வி போனால் குடி முழுகிவிடாது என்றார். தன் மூத்த மகனும் ஒருமுறை இப்படிக் கழித்தலில் கோட்டை விட்டதைச் சொன்னார். சந்திரகலாவுக்காகக் கந்தசாமி கோயிலில் அர்ச்சனை செய்வதாகவும் சொன்னார். செய்யக்கூடியவர்தான். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இவ்வளவு அன்பாகப் பேசுகிற மனிதர் மேல் கோபப்பட எனக்குத் தோன்றவேயில்லை. கோபமெல்லாம் கழித்தல் தெரியாத என் மகள் மேல் இருந்தது. பூமணி அக்கா சொன்ன டைப்ரைட்டிங் வகுப்புக்கு எந்த பஸ் போகும் என்றுகூட அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன்.

மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள். சந்திரகலா கடைசியாக வந்தாள். மறுபடியும் அதே யுரேனியம் வந்திருந்ததாம், இந்த முறை விளக்கி எழுதச் சொல்லி. கனகலிங்கம் எழுந்து நின்றுவிட்டார். நானும் எழுந்தேன். இந்த முறை அவர் கேட்பதற்கு முன்னாலேயே நான் கேட்டேன்.

"எத்தன போட்ட?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நூத்தி நாப்பத்தாறு, அங்கிள்."

கனகலிங்கத்தின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "கரெக்ட்" என்றார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த வாரம் பௌதிகப் பரீட்சைக்கு எழுதட்டும் என்று தன்னுடைய நீலப் பேனாவையே எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

பஸ் மினியில் ஏறினோம். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"காலையிலயும் நூத்தி நாப்பத்து மூணுதான்பா எழுதுனேன். மத்தியானமும் அதான்."

அப்புறம் ஏன் அவரிடம் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"அவருக்கு விடை வேணும், குடுத்தேன். கேள்விய அவரு கேக்கவே இல்லையே. நீங்களும் கேக்கல."

யுரேனியத்தில் ஒரே வகை இல்லையாம். எல்லாவற்றுக்கும் புரோட்டான் தொண்ணூற்றிரண்டுதான், நியூட்ரான் மட்டும் கூடும் குறையும், அதற்கு ஐசோடோப் என்று பெயராம். அட்டவணையில் இருப்பது அதிகமாகக் கிடைக்கிற இருநூற்று முப்பத்தெட்டு. இரண்டு பேப்பரிலும் கேட்டது இருநூற்று முப்பத்தைந்து. கேள்வியில் எண்ணோடுதான் போட்டிருந்தார்களாம். அதிலிருந்து தொண்ணூற்றிரண்டைக் கழித்தால் நூற்று நாற்பத்து மூன்று. எனக்கு இது அப்போதும் முழுதாகப் பிடிபடவில்லை என்பதை என் முகத்தில் பார்த்திருப்பாள் போல.

"கடையில ஒருத்தன் வந்து கிளட்ச் பிளேட் வேணும்னா நீங்க உடனே எடுத்துக் குடுத்துருவீங்களாப்பா?"

அதற்குமேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினெட்டு வருஷமாக நான் அந்தக் கவுண்டரில் நிற்கிறேன். கிளட்ச் பிளேட் என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருகிறவனை நான் ஏசாத ஏச்சில்லை. எந்த லோரி, எந்த வருஷம், கடைசி இரண்டு நம்பர் என்ன என்று கேட்காமல் அலமாரிப் பக்கம் திரும்பக்கூடமாட்டேன். கடைசி நம்பர் ஒன்று மாறினாலும் பிளேட் உட்காராது, நடுவழியில் லோரி நிற்கும், முதலாளி என்னைத்தான் கேட்பார். ஒரு லோரிக்குக் காட்டிய மரியாதையை நான் பெற்ற பிள்ளைக்குக் காட்டவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னாள், இறங்குகிற இடம் வந்த பிறகு. மத்தியானம் முதலில் நூற்று நாற்பத்தாறு என்றுதான் எழுதினாளாம். அங்கிளும் அப்பாவும் சேர்ந்து சொல்கிறார்களே என்று. பிறகு கேள்வியை மறுபடி மறுபடி படித்துப் பார்த்து, முழுதையும் அடித்துவிட்டுத் திருப்பி எழுதியதில் பத்து நிமிஷம் போய்விட்டது. கடைசிக் கேள்வியை முடிக்க முடியவில்லை. கிரெடிட் வருமா என்று தெரியவில்லை என்றாள். என் வாயில் வந்து நின்றது "நெவர் மைண்ட்" என்ற வார்த்தைதான். நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

மார்ச் மாதம் ரிசல்ட் வந்தது. இரசாயனம் ஆறு. கிரெடிட்டில் கடைசிப் படி அதுதான், அதற்குக் கீழே ஏழு. ஒரு மார்க்கிலோ இரண்டு மார்க்கிலோ தொங்கிக்கொண்டு ஏறியிருப்பாள். அது தெரிந்துகொள்ள வழியில்லை. ஆறாம் படிவத்துக்குப் போனாள். டைப்ரைட்டிங் வகுப்பு இடத்தைப் பூமணி அக்கா வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

கனகலிங்கம் சும்மா இருப்பாரா? பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில், பாதி ரசத்தில், மூன்று மேசைகளுக்குக் கேட்கும்படி எழுந்து நின்று, காலையில் பிழையாக எழுதிய பிள்ளையைப் பின்னேரம் சரியாக எழுத வைத்தது என்ரை செக்கிங்தான் என்றார். "இவரைக் கேளுங்கோ, பக்கத்திலை நிண்டவர்," என்று என்னைக் காட்டினார். மூன்று மேசையும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அவர் வாங்கிக் கொடுத்த கோப்பியும், செய்த அர்ச்சனையும், கொடுத்த பேனாவும் நினைவுக்கு வந்தன. கிராணியார் வேறு. நான் தலையை ஆட்டினேன்.

இந்த இனம் எப்படிப் பெருகுகிறது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். நான் ஆட்டிய அந்த ஓர் ஆட்டலில், அடுத்த நவம்பருக்கு அங்சானா மரத்தடியில் இரண்டு குடை விரிந்திருந்தது என்றும், இரண்டாவது குடை நான் என் கடை முதலாளியிடம் இரவல் வாங்கி விரித்தது என்றும், அந்த வருஷம் பரீட்சை எழுதிய சந்திரகலாவின் தம்பியைப் பார்த்ததும் என் வாய் தானாகவே "எத்தன" என்று ஆரம்பித்தது என்றும் நான் சொன்னால், நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லை, கேள்வியை முழுதாகக் கேட்கிறவர், எனக்குத் தெரியும். ஆகவே உங்களிடம் கடைசியாக ஒரு சின்னச் சந்தேகம். சந்திரகலா சொல்லிக் கொடுத்ததுதான். ரேடியம் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் கதிர் வீசுகிற சாமான்தான். புரோட்டான் எண்பத்தெட்டு. அதன் ஐசோடோப்களில் ஒன்று இருநூற்று இருபத்தாறு.

கழித்துவிட்டீர்களா? நூற்று முப்பத்தெட்டா? கணக்கில் பிழையில்லை. ஆனால் நான் கேட்க வந்தது எலக்ட்ரான்.

நெவர் மைண்ட்.